கேட்பவரை அளந்த கதை

பால் நியூராத் வியன்னாக்காரர். 1938இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தபின் கைதாகி, முதலில் டக்காவ் முகாமிலும் பிறகு புக்கன்வால்டிலும் அடைபட்டுக் கிடந்து 1939இல் வெளியே வந்தவர். சுவீடனில் கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்துவிட்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தார். முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், தானே கைதியாக இருந்த அந்த இரண்டு முகாம்களின் சமூக வாழ்க்கை. இந்த மனிதர் 1956இல் பம்பாய் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் உட்கார்ந்துகொண்டு, மராட்டிய விவசாயிகள் ரேடியோ கேட்டு என்ன கற்றுக்கொண்டார்கள் என்று அளந்துகொண்டிருந்தார். ஊடகம், கல்வி, தொழில்நுட்பம் பற்றி இந்தியாவில் நடந்த சமூக ஆய்வுகளின் கதையை எங்கே தொடங்குவது என்று யாராவது கேட்டால் நான் இங்கேதான் தொடங்குவேன்.

புனே வானொலி விவசாய மன்றம் என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். யுனெஸ்கோ உதவி செய்தது. முன்மாதிரி கனடாவிலிருந்து வந்தது. அன்றைய பம்பாய் மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்கள். ஊருக்கு ஒரு மன்றம், மன்றத்துக்குச் சுமார் இருபது பேர். வாரம் இரண்டு முறை அரைமணி நேர நிகழ்ச்சி. மொத்தம் 20 நிகழ்ச்சிகள். நிகழ்ச்சி முடிந்தவுடன் ரேடியோவை அணைத்துவிட்டு இவர்கள் பேச வேண்டும். எலிப்பொறி, உரக்குழி, கூட்டுறவு என்று எதைப் பற்றிக் கேட்டார்களோ அதைப் பற்றி. பேசியதில் எழுந்த சந்தேகங்களை எழுதி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். நிலையம் பதில் சொல்ல வேண்டும்.

நியூராத் மூன்று வகை ஊர்களை ஒப்பிட்டார்: மன்றம் வைத்த ஊர், ரேடியோ இருந்தும் மன்றம் இல்லாத ஊர், ரேடியோவே இல்லாத ஊர். மன்றம் வைத்த ஊர்களில் அறிவு மளமளவென்று ஏறியிருந்தது. ரேடியோ மட்டும் இருந்த ஊர்களில் ஏற்றம் அற்பம். ஒரே அலைவரிசை, ஒரே குரல், ஒரே சேதி. வித்தியாசம் ரேடியோவை அணைத்த பிறகு நடந்த பேச்சில் இருந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முகாம்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. பேச்சு ஒரு பக்கமிருந்து மட்டுமே வரும் இடம் எப்படியிருக்கும் என்று உடம்பால் அறிந்தவர் நியூராத். அதனால்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று சொல்ல மாட்டேன். புள்ளிவிவரம் யார் எடுத்தாலும் இதையே சொல்லியிருக்கும். ஆனால் அந்த முடிவை அவர் கையால் எழுதியதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

அரசுக்கு முடிவு பிடித்துப்போயிற்று. 1959இல் மன்றங்களை நாடு முழுக்க விரிவாக்கினார்கள். ஆயிரக்கணக்கில் பெருகின. பெருகியதில் எதை எண்ணினார்கள் என்றால், ரேடியோப் பெட்டிகளையும் மன்றங்களையும். பேச்சை யாரும் எண்ணவில்லை, அது எண்ணுவதற்குத் தோதான சரக்கும் அல்ல. கடிதங்களுக்குப் பதில் போட ஆள் வேண்டும், பதிலில் சொன்னதை நிறைவேற்ற வட்டார அலுவலகம் வேண்டும். பெட்டி வாங்குவது சுலபம். ஆய்வு சொன்னது ஒன்று, அரசு எடுத்துக்கொண்டது வேறொன்று. பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் இது ஒத்திகை மாதிரி அமைந்துவிட்டது.

அதே காலத்தில் உலக அளவில் ஒரு கொள்கை உருவாகிக்கொண்டிருந்தது. டேனியல் லேர்னர் என்ற அமெரிக்கர் 1958இல் மத்திய கிழக்கு நாடுகளின் பழஞ்சமூகம் மறைவதைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அங்காராவுக்குப் பக்கத்தில் பால்காத் என்றொரு கிராமம் அதில் வருகிறது. ஊர்த் தலைவர் ஒருவர், மளிகைக் கடைக்காரர் ஒருவர். நீ துருக்கியின் அதிபரானால் என்ன செய்வாய் என்று கேள்வி கேட்பவர் போய்க் கேட்கிறார். ஆட்டிடையர் ஒருவர் கேள்வியைக் கேட்டதுமே ஆடிப்போய்விடுகிறார். மளிகைக் கடைக்காரரோ சரளமாகப் பதில் சொல்கிறார். தன்னை இன்னொருவர் இடத்தில் வைத்துப் பார்க்க முடிகிறதா இல்லையா என்பதை லேர்னர் நவீன மனிதனின் அடையாளமாக்கினார். அந்தத் திறனை வளர்ப்பது ரேடியோவும் சினிமாவும் பத்திரிகையும். ஆகவே ஊடகம் பெருகினால் மனம் நவீனமாகும், மனம் நவீனமானால் நாடு முன்னேறும். வில்பர் ஷ்ராம் 1964இல் யுனெஸ்கோவுக்காக எழுதிய நூல் இதையே வளரும் நாடுகளுக்கான செய்முறையாக மாற்றிக் கொடுத்தது. டெல்லியில் திட்டமிடுகிறவர்களின் மேசையில் அந்தப் புத்தகம் வெகுகாலம் கிடந்தது.

லேர்னர் பயன்படுத்திய கேள்வித்தாள்கள் எதற்காகத் தயாரிக்கப்பட்டவை? வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலிக்கு அந்த நாடுகளில் யார் காது கொடுக்கிறார்கள், மாஸ்கோ ரேடியோவை யார் கேட்கிறார்கள் என்று அறிவதற்காக, பனிப்போரின் தொடக்கத்தில். அந்தப் பூர்வோத்திரத்தை 1987இல் தோண்டி எடுத்து எழுதியவர் இலங்கை ஆய்வாளர் ரோஹன் சமரஜீவ. பிரச்சாரம் எடுபடுகிறதா என்று பார்க்கச் செய்த ஆய்வு, பெயரை மாற்றிக்கொண்டு வளர்ச்சிக் கோட்பாடாக நம்மிடம் வந்து சேர்ந்தது. இதனால் அந்தக் கோட்பாடு பொய் என்று ஆகிவிடாது. ஆனால் அதன் கேள்வி எந்தத் திசையில் திரும்பியிருக்கிறது என்று புரிகிறது. கேட்பவரை நோக்கித் திரும்பியிருக்கிறது. உனக்குக் கேட்டதா, புரிந்ததா, மாறினாயா? அனுப்புகிறவரிடம் கேள்வி இல்லை. அவர்தானே ஆய்வுக்குக் காசு கொடுத்தவர்.

இனி இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிவைத்த விக்ரம் சாராபாய்.

சாராபாயின் எண்ணம் எளிமையானது, அசாத்தியமானது. தொலைக்காட்சி முதலில் நகரத்துக்கு வரும், பிறகு மெல்ல மெல்லச் சிற்றூருக்குப் போகும் என்பதுதான் எல்லா நாட்டிலும் வழக்கம். அவர் அதைத் தலைகீழாக்கச் சொன்னார். கோபுரம் கோபுரமாகக் கட்டிக்கொண்டு போனால் கடைசிக் கிராமத்துக்குப் போய்ச் சேர ஒரு தலைமுறை ஆகிவிடும். வானத்தில் ஒரே ஒரு செயற்கைக்கோள் இருந்தால் டெல்லிக்கும் கடைசிக் கிராமத்துக்கும் தூரம் ஒன்றுதான். 1969இல் இதைப் பற்றி டெல்லியில் ஒரு மாநாட்டில் கட்டுரை வாசித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அணுசக்தித் துறையும் நாசாவும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1971 டிசம்பர் 30 அன்று சாராபாய் இறந்துபோனார். தன் கனவு நனவானதை அவர் பார்க்கவில்லை.

நாசா 1974 மே மாதம் ஏடிஎஸ்-6 என்ற செயற்கைக்கோளை ஏவியது. சுமார் ஒன்பது மீட்டர் அகலக் குடையை விண்வெளியில் விரித்த கோள் அது. ஓராண்டு அமெரிக்காவுக்கு வேலை பார்த்துவிட்டு, ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு மேலே நகர்த்தி நிறுத்தப்பட்டது. அங்கிருந்து இந்தியாவை முழுசாகப் பார்க்கலாம். 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, சரியாக ஓராண்டு ஒளிபரப்பு. ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள். கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பி வலையை வளைத்து மூன்று மீட்டர் தட்டாகச் செய்து ஊருக்கு ஒன்று நிறுத்தினார்கள். பள்ளிக்கூடத்திலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ பெட்டி. காலையில் ஒன்றரை மணி நேரம் குழந்தைகளுக்கு, மாலையில் இரண்டரை மணி நேரம் பெரியவர்களுக்கு. இந்தச் செயற்கைக்கோள் தொலைக்காட்சிப் பரிசோதனையை ஆங்கிலச் சுருக்கத்தில் சைட் என்றார்கள். நேரடியாகக் கோளிலிருந்து கிராமத்துக்கு இந்த அளவில் உலகில் யாரும் அதுவரை ஒளிபரப்பியதில்லை. பொறியியலாக அது ஒரு சாதனை. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

(செயற்கைக்கோள் தகவல்தொடர்பை முதலில் கற்பனை செய்து எழுதிய ஆர்தர் சி. கிளார்க் அப்போது கொழும்பில் குடியிருந்தார். மரியாதைக்காக இஸ்ரோ பொறியாளர்கள் அவர் வீட்டில் ஒரு தட்டை நிறுத்திக் கொடுத்தார்கள். இலங்கைக்குத் தொலைக்காட்சி 1979இல்தான் வந்தது. அதற்கு நான்காண்டு முன்பு, தீவில் அவர் ஒருவர் ராஜஸ்தான் விவசாயிக்குச் சொன்ன புத்திமதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.)

காலை நிகழ்ச்சியை நான்கு மொழிக்குப் பங்கு போட்டார்கள். இந்தி, ஒடியா, தெலுங்கு, கன்னடம், ஆளுக்கு இருபத்திரண்டரை நிமிடம். கோளில் படத்துக்கு ஒரு தடமும் ஒலிக்கு இரண்டு தடமும் இருந்தன. அதனால் ஒரே படத்துக்குத் தெலுங்கில் ஒரு குரலும் கன்னடத்தில் ஒரு குரலும் கொடுக்க முடிந்தது. மாலையில் அரைமணி நேரம் எல்லாருக்கும் பொது நிகழ்ச்சி, இந்தியில். தெலுங்கு ஊரும் கன்னட ஊரும் ஒடியா ஊரும் அந்த அரைமணி என்ன செய்திருக்கும் என்பதை நமக்கு விளக்கத் தேவையில்லை. 1982இல் தேசிய ஒளிபரப்பு வந்தபோது தமிழ்நாட்டு வீடுகளில் இந்திச் செய்தி தொடங்கியதும் சாப்பாட்டுத் தட்டு வைக்கிற பழக்கம் வந்தது. ஒரே மொழிக்குள்ளும் கட்டாக்கில் பேசும் ஒடியா வேறு, சம்பல்பூர்ப் பக்கத்தில் பேசுவது வேறு. கட்டாக் நிலையத்தில் தயாரான நிகழ்ச்சிக்கு, அரைமணி இந்தியை விட்டாலும் மிச்சத்தில் இந்த இடைவெளி இருந்தது.

இந்தப் பரிசோதனையில் நான் வியப்பது கம்பி வலைத் தட்டைவிடவும் அதோடு சேர்த்து நடத்திய சமூக ஆய்வை. விண்வெளி நிறுவனம் ஒன்று சமூக அறிவியலாளர்களை வேலைக்கு எடுத்தது. ஒளிபரப்புக்கு முன்னால் ஒரு கணக்கெடுப்பு, நடுவில் ஒன்று, முடிந்தபின் ஒன்று. டிவி வைத்த ஊருக்கு ஈடாக டிவி வைக்காத ஊர்கள். இது போதாதென்று பினோத் அகர்வால் தலைமையில் மானுடவியலாளர்கள் சில கிராமங்களுக்குப் போய்க் குடியே இருந்தார்கள். பெட்டி வருவதற்கு முன்னாலேயே போய், ஓராண்டும் இருந்து, பெட்டி போன பிறகும் பார்த்தார்கள். யார் எங்கே உட்காருகிறார்கள், அறையின் சாவி யாரிடம், பெண்கள் எந்த நேரத்தில் எழுந்து போகிறார்கள் என்பதெல்லாம் கேள்வித்தாளில் சிக்காத சங்கதிகள். அதைப் பார்க்க ஊரில் கிடக்க வேண்டும். பெரிய தொழில்நுட்பத் திட்டம் ஒன்று, தான் தோற்கலாம் என்று ஒப்புக்கொண்டு தன் மேலேயே ஒரு கண்காணிப்பை அமர்த்தியது அபூர்வம். இன்றைக்கு நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

முடிவுகளும் நேர்மையாகவே வந்தன. சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு பற்றிய அறிவு கூடியிருந்தது. படித்தவர்களைவிடப் படிக்காதவர்களும், ஆண்களைவிடப் பெண்களும் அதிகம் பெற்றிருந்தார்கள். படித்த ஆணிடம் சேதி போய்ச் சேர ஏற்கெனவே வழிகள் இருந்தன, படிக்காத பெண்ணுக்கு இதுவே முதல் வழி. குழந்தைகளிடம் மொழித்திறனும் தெரிந்துகொள்ளும் ஆசையும் வளர்ந்திருந்தன. பள்ளியில் சேர்க்கையோ, பாதியில் நிற்பதோ மாறவில்லை. பெட்டி இருக்கிறது என்பதற்காக மாடு மேய்க்கிற பிள்ளையை யாரும் பள்ளிக்கு அனுப்பிவிடவில்லை. விவசாயத்தில் புது முறைகளைக் கைக்கொள்வதில் குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் இல்லை.

விவசாய முடிவு பலருக்கு ஏமாற்றம். எனக்கு அது அதிசயமாகத் தெரியவில்லை, காரணம் தஞ்சாவூர். அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 என்ற நெல் வந்தது. திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பு அதைப் பற்றி ஓயாமல் பேசியது. விவசாயிகள் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வளர்ச்சித் தொடர்பியல் பாடப்புத்தகங்களில் இது ஊடக வெற்றிக்கு உதாரணமாக வரும். வரட்டும். ஆனால் தஞ்சாவூர் அப்போது தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் இருந்தது. காவிரித் தண்ணீர் இருந்தது, கூட்டுறவுக் கடன் இருந்தது, உரம் வந்தது, விதை வந்தது. ரேடியோ சொன்னதை மறுநாள் செய்வதற்குக் கையில் வழி இருந்தது. பீகாரிலோ ராஜஸ்தானிலோ வறண்ட நிலத்துக்காரர் டிவியில் பார்த்த விதையை எந்தக் கடையில் வாங்குவார்? அவருக்குத் தெரியாமல் இல்லை, கையில் இல்லை. அறிவில் குறை என்று ஆய்வு அவரையே திரும்பத் திரும்ப அளந்தது. மாவட்டக் கிட்டங்கியை அளந்திருக்கலாம்.

ரேடியோ நெல்லைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நெல் விளைந்த அதே தஞ்சை மாவட்டத்தில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கூலி கூடக் கேட்டதில் தொடங்கிய பகை அது. எந்த நெல்லை நடலாம் என்று வானொலி சொன்னது. நடுகிறவருக்கு என்ன கூலி என்று அது பேசியதாகத் தெரியவில்லை. நிலம் உள்ளவரே விவசாயி என்று ஒலிபரப்பும் நினைத்தது, அதை ஆராய்ந்தவர்களும் நினைத்தார்கள். கூலிக்காரர் கேட்பவர் பட்டியலிலேயே இல்லை.

மறுபடி 1975க்கு வருவோம். ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை. ஐந்து வாரம் கழித்து சைட் தொடங்கியது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை, தலைவர்கள் சிறையில், வானொலியும் தொலைக்காட்சியும் வித்யாசரண் சுக்லாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குள். ஒலிபரப்புக்குத் தன்னாட்சி வேண்டும் என்று சந்தா குழு 1966இலேயே சொன்னது கோப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் முதன்முதலாக டிவி பார்த்த 2,400 கிராமங்கள், கேள்வி கேட்பது குற்றமாக இருந்த ஓராண்டின் டிவியைப் பார்த்தன. இஸ்ரோவின் சமூக ஆய்வாளர்களை இதற்குக் குறை சொல்வது சரியல்ல. பலர் மனசாட்சியோடு வேலை செய்தவர்கள். ஆனால் அந்த எண்களை இப்போது எடுத்துப் படிக்கும்போது எனக்கு ஒன்று உறுத்துகிறது. குடும்பக் கட்டுப்பாடு பற்றிய அறிவு கூடியது என்கிறது அறிக்கை. 1975-76இல் நாட்டில் சுமார் 27 லட்சம் கருத்தடை அறுவைகள் நடந்தன. 1976-77இல் 80 லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஆசிரியருக்கும் கிராம ஊழியருக்கும் ஆள் பிடிக்க இலக்கு வைத்த காலம். அந்தக் காலத்தில் ஒரு கிராமத்துக்காரருக்குக் கருத்தடையைப் பற்றித் தெரிந்திருந்தது என்றால், அது டிவி தந்த அறிவா, வாசலில் நின்ற ஜீப் தந்த அறிவா? டிவி இல்லாத ஊரோடு ஒப்பிட்டுக் கழித்துவிடலாம் என்று புள்ளியியல் சொல்லும். கழித்து வருகிற எண்ணுக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பயத்தோடு சேர்ந்து வந்த அறிவுக்கும் பயமில்லாமல் வந்த அறிவுக்கும் கேள்வித்தாளில் ஒரே மதிப்பெண்.

சைட் முடிந்த அதே 1976இல் எவரெட் ராஜர்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். புதுமைகள் எப்படிப் பரவுகின்றன என்று 1962இல் நூல் எழுதி உலகெங்கும் வேளாண் விரிவாக்கத் துறைக்கு வேதம் கொடுத்தவர் அவர். வளர்ச்சியையும் தொடர்பையும் பற்றிய பழைய ஆதிக்கக் கோட்பாடு கடந்துபோய்விட்டது என்று அதில் அவரே ஒப்புக்கொண்டார். ஏழையின் பின்தங்கலுக்கு ஏழையின் மனத்தையே காரணம் காட்டியது தவறு, நாட்டின் அமைப்பைப் பார்க்கத் தவறிவிட்டோம் என்பது சாரம். கோட்பாடு கடந்துபோனதாக அறிவிக்கப்பட்ட பிறகும் அதன்படி வடிவமைத்த திட்டங்கள் நம் ஊரில் ஐம்பது ஆண்டுகளாக நடக்கின்றன. 2004இல் கல்விக்கென்றே எடுசாட் பறந்தது. 2011 முதல் தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தார்கள். 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. மறுவருடம் கொரோனாவில் பள்ளி மூடியபோது அதுவே பலருக்கு வகுப்பறை. ஒவ்வொன்றும் நல்லதே செய்தது என்று வாதாடலாம், நானும் சேர்ந்து வாதாடுவேன். ஆனால் சைட் செய்ததுபோல வருவதற்கு முன்னாலேயே ஊருக்குப் போய், போனபின்னும் இருந்து பார்த்தவர்கள் இவற்றுக்கு எத்தனை பேர்? பதிலாக நமக்கு வாய்த்தது எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் தகவல் செயலி. வருகைப்பதிவு, மதிப்பெண், இலவசப் பொருள் என்று எல்லாவற்றையும் செல்போனில் ஏற்றிக்கொண்டேயிருக்க வேண்டிய ஆசிரியர், பாடம் நடத்த நேரமில்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். அளப்பது இப்போது தினமும் நடக்கிறது. திசை மட்டும் மாறவில்லை. சென்னையிலிருந்து பள்ளிக்கு என்ன போகவில்லை என்பதை ஏற்றுவதற்கு அந்தச் செயலியில் இடமில்லை.

எண்பதுகளில் சென்னைத் தொலைக்காட்சி பார்த்து வளர்ந்தவர்களுக்கு 'வயலும் வாழ்வும்' என்ற விவசாய நிகழ்ச்சி ஞாபகம் இருக்கும். சினிமாப் பாட்டு வரும் 'ஒளியும் ஒலியும்' பார்க்கப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் இடம் பிடித்த பிள்ளைகளுக்கு, நடுவில் குறுக்கிட்ட அந்த நிகழ்ச்சியில் கேட்ட பூச்சிமருந்துப் பெயர்கள் இன்றைக்கும் மனப்பாடம். ஒரு சென்ட் நிலமில்லாதவர்கள் அவர்கள். எந்த ஆய்வாளராவது அன்று கேள்வித்தாளோடு வந்திருந்தால் நகரத்து விவசாய அறிவு அபாரமாக உயர்ந்ததாக அறிக்கை எழுதியிருப்பார்.

இந்தக் கதையில் விதிவிலக்கு ஒன்று உண்டு. குஜராத்தில் கேடா மாவட்டம், பிஜ் என்ற கிராமம். அமுல் பால் கூட்டுறவின் மண். சைட் தொடங்கிய அதே நாள்களில் இஸ்ரோ அங்கே குறைந்த சக்தியுள்ள ஒளிபரப்புக் கோபுரம் ஒன்றை நிறுத்தியது. அமதாபாத் கலையகத்தில் நிகழ்ச்சி தயாராகும். பிஜ்ஜிலிருந்து சுற்றுவட்டாரத்துக்குப் போகும். பெட்டிகள் பெரும்பாலும் பால் சங்கக் கட்டடங்களில் இருந்தன. காலையும் மாலையும் பால் ஊற்ற எல்லாச் சாதியும் வரிசையில் நின்று பழகிய இடம் அது. முக்கியமான சங்கதி, டெல்லி நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு உள்ளூர் நிகழ்ச்சியைப் போட அந்தக் கோபுரத்தால் முடிந்தது.

கேடாவில் ஆய்வு நிகழ்ச்சிக்குப் பின்னால் வரவில்லை, முன்னால் போனது. எதைப் பற்றி எடுக்கலாம் என்று ஊரில் கேட்டார்கள். எடுத்ததைக் கொண்டுபோய்க் காட்டி, புரியவில்லை என்றால் மாற்றி எடுத்தார்கள். ஊர்க்காரர்களே எழுதினார்கள், நடித்தார்கள். இங்கே கிராமத்துக்காரர் கேட்பவராக மட்டும் இல்லாததால் தலைப்புகளே மாறிப்போயின. விதைநேர்த்தி இருந்தது, கூடவே சாதிக் கொடுமை, வரதட்சணை, கைம்பெண் மறுமணம், குறைந்தபட்சக் கூலி. 'சதுர் மோட்டா' போன்ற தொடர்கள் அங்கே பேர்பெற்றவை. புகையிலைத் தோட்டக் கூலி மாலையில் பால் சங்கத்துக்கு வந்து, தன் முதலாளியைப் போன்ற ஒருவரைத் திரையில் பார்ப்பது வளர்ச்சித் தொடர்பியல் பாடப்புத்தகத்தில் இல்லாத நிகழ்வு. தஞ்சாவூரில் ரேடியோ பேசாததைக் கேடாவில் டிவி பேசியது. நான் கேடாவைச் சொர்க்கமாக்கவில்லை. அது ஒரே மாவட்டம், வளமான மாவட்டம், கூட்டுறவு ஏற்கெனவே வேர்விட்ட மாவட்டம். இஸ்ரோவின் இளைஞர்கள் இல்லாவிட்டால் நடந்திருக்காது. இருந்தாலும் 1956இல் நியூராத் காட்டிய வழியை இந்த நாட்டில் காட்சி ஊடகம் ஒருமுறையாவது பின்பற்றியது என்றால் அது இங்கேதான். 1984இல் கிராமத் தகவல்தொடர்புக்கான யுனெஸ்கோ பரிசு கேடாவுக்கு வந்தது.

அதற்குள் டெல்லியில் காற்று மாறிவிட்டிருந்தது. 1982 ஆசிய விளையாட்டுக்காக வண்ணம் வந்தது. 1983இல் இன்சாட்-1பி மேலே போனது. 1984இல் ஊர் ஊராகக் கோபுரங்கள் முளைத்தன, அந்த ஆண்டு இறுதியில் பொதுத்தேர்தல். 'ஹம் லோக்' தொடர் வந்தது, விளம்பரம் பெருகியது. சாராபாய் தலைகீழாக்கியதை மீண்டும் நேராக்கிவிட்டார்கள்: நகரம் முதலில். பெருநகரங்களுக்கு இரண்டாவது அலைவரிசை தேவை என்று முடிவாயிற்று. சென்னைக்கு ஒன்று வேண்டும். அதற்கு ஒளிபரப்புக் கருவி வேண்டும். 1985இல் அரசு பிஜ் கிராமத்துக் கருவியைச் சென்னைக்குக் கொண்டுபோகத் தீர்மானித்தது. கேடாவின் கிராமங்கள் எதிர்த்துப் போராடின. அந்த முடிவை எடுப்பதற்கு முன்னால் யாரும் எந்த ஊரிலும் கேள்வித்தாள் கொண்டுபோகவில்லை.